வாவியைக் கணினிக்குள் அடக்குதல்: வெள்ளக் கணிப்பில் நினைவகச் சிக்கனம்

2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்தபோது, மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் நீரில் அடிபட்டுப் போனது. அந்தப் பிள்ளைகளில் பலர் வீடு போய்ச் சேரவில்லை. அதற்கு இருபது வருடங்களுக்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடல் எங்கட கரையில் ஏறியது. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் நெடுகிலும் அந்தக் கணக்கு பரந்து கிடக்கிறது.

இப்படியான நீர் எந்த வீதியில் எத்தனை அடி உயரத்தில், என்ன வேகத்தில் ஓடும் என்பதை முன்கூட்டியே கணித்துப் பார்க்க முடியுமா? அதற்கான கணிதம் புதிதல்ல. ஆழம் குறைந்த நீரின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளைப் பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் சான்-வெனான் 1871இலேயே எழுதிவிட்டார். அவற்றைக் கணினியில் தீர்க்கும் நிரல்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் எங்கட பிரதேசத்துக்கான வரைபடங்கள் பெரும்பாலும் பருமட்டானவைதான். ஒரு வீதியோ, ஒரு மதகோ, ஒரு தாம்போதியோ அவற்றில் தெரிவதில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் அதிகம் கதைக்கப்படாத ஒன்று கணினியின் நினைவகம். பலரும் கணினியின் வேகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு சின்ன ஊர் வரைபடத்தில் தெரிவதா இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது நினைவகம்தான். அது எப்படி, அதைச் சிக்கனமாகப் பாவிப்பது எப்படி என்பதை எங்கட வாவியையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கட்டமும் பைட்டும்

சிமுலேஷன் எனப்படும் கணினி உருவகிப்பு செய்வது எளிமையான ஒரு வேலை. நிலத்தின் மேல் சதுரக் கட்டங்களைப் போடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அது கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்குத் தெற்காக எவ்வளவு நகர்கிறது என்று மூன்று எண்களை வைத்துக்கொள்கிறது. அடுத்த ஒரு கணத்தில் பக்கத்துக் கட்டங்களுக்கு எவ்வளவு போகும், அங்கிருந்து எவ்வளவு வரும் என்று கணித்து அந்த எண்களைப் புதுப்பிக்கிறது. பிறகு அடுத்த கணம். இப்படியே ஒரு நாள் வெள்ளத்தை இலட்சக்கணக்கான சிறு கணங்களாக நடத்திக்கொண்டு போகிறது.

சாதாரணமாக எழுதப்பட்ட ஒரு நிரலில் ஒரு கட்டத்துக்கு என்னென்ன தேவை? நிலத்தின் உயரம் ஒன்று. நிலத்தின் சொரசொரப்பு ஒன்று. ஏனென்றால் தார் வீதியில் ஓடுவது போல் கண்டல் காட்டுக்குள் தண்ணீர் ஓடாது. நீரின் நிலையைச் சொல்லும் மூன்று எண்கள், பழையதும் புதியதுமாக ஆறு. கட்டத்தின் எல்லைகளால் கடக்கும் பாய்ச்சல், இரு திசைகளிலும் மும்மூன்றாக ஆறு. இதுவரை ஏறிய உச்ச நீர்மட்டம் ஒன்று. மொத்தம் 15 எண்கள். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் கட்டம் ஒன்றுக்கு 120 பைட்.

இனி வாவிக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலைத் தொடுகிறது. ஏறாவூருக்கு வடக்கே தொடங்கிக் காரைதீவுக்குத் தெற்கே முடிகிற, 60 கிலோமீற்றர் நீளமும் 30 கிலோமீற்றர் அகலமுமான ஒரு பெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியை 100 மீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் 180,000 கட்டங்கள். தேவையான நினைவகம் 21.6 மெகாபைட். கையடக்கத் தொலைபேசிக்கே காணும். 10 மீற்றர் என்றால் 18 மில்லியன் கட்டங்கள், 2.16 ஜிகாபைட். 5 மீற்றர் என்றால் 72 மில்லியன் கட்டங்கள், 8.64 ஜிகாபைட். 2 மீற்றர் என்றால் 450 மில்லியன் கட்டங்கள், 54 ஜிகாபைட்.

100 மீற்றர்க் கட்டத்தில் வீதியும், அதன் இருபக்க வயலும், பக்கத்து வாய்க்காலும் ஒரே சராசரி உயரமாகக் கலந்துவிடும். வெள்ளத்தை மறித்து நிற்கும் வீதியின் மேடும், தண்ணீர் பாய்ந்து கடக்கும் தாம்போதியின் பள்ளமும் அதில் இல்லை. அவை வரைபடத்தில் வர வேண்டுமானால் சில மீற்றர் அளவுக் கட்டம் வேண்டும். அங்கேதான் 54 ஜிகாபைட் குறுக்கே நிற்கிறது.

கட்டத்தின் பக்கம் பாதியானால் நினைவகம் நான்கு மடங்காகும். வேலையோ எட்டு மடங்காகும். கட்டம் சிறுத்தால் கணத்தையும் சிறுப்பிக்க வேண்டும். ஒரு கணத்துக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. கூரான், பிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் 1928இல் காட்டிய விதி இது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நேரம் போதாவிட்டால் இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் வந்து பார்க்கலாம். நினைவகம் போதாவிட்டால் நிரல் தொடங்கவே மாட்டாது. அல்லது வன்தட்டை நினைவகமாகப் பாவிக்கப் போய், ஓட்டம் எருமை நடையாகிவிடும்.

"அப்ப, கூடின ரேம் வாங்கிப் போட்டாச் சரிதானே?" என்று கேட்கலாம். ஓரளவுக்குச் சரிதான். ஆனால் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, இன்றைய செயலிகளில் ஓர் எண்ணைப் பெருக்குவதை விட அந்த எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்குத்தான் கூடுதல் நேரம் போகிறது. 1995இல் வுல்ஃப், மெக்கீ என்ற இருவர் இதை 'நினைவகச் சுவர்' என்று பெயர் சொல்லிச் சுட்டினார்கள். ஆகவே எண்களின் இடத்தைக் குறைத்தால் வேகமும் கூடும். மற்றது, வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது, கவனமில்லாமல் எழுதிய நிரல் எவ்வளவு ரேம் கொடுத்தாலும் விழுங்கிவிடும்.

பங்கு வைக்கும்போது பெருகும் பிரதிகள்

ஒரு பெரிய கணிப்பைப் பல கோர்கள் சேர்ந்து செய்வதையே இணைநிலைக் கணிப்பு என்கிறோம். வாவிப் பெட்டியைப் பதினாறு துண்டாக்கி, கோருக்கு ஒரு துண்டு என்று கொடுக்கலாம். கோர்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கு எம்பிஐ என்ற பொது நியமம் 1994இல் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான வானிலை, கடல், வெள்ள உருவகிப்புகள் அதில்தான் ஓடுகின்றன.

இங்கே முதலாவது பொறி, எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பது. நிரலின் தொடக்கத்தில் நில உயர வரைபடத்தை வாசிக்கும் வரி இருக்கும். அது அப்படியே எல்லாக் கோர்களிலும் ஓடினால், ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 2 மீற்றர்க் கட்டத்தில் உயர வரைபடம் மட்டும் 3.6 ஜிகாபைட். பதினாறு கோர்களுக்கு 57.6 ஜிகாபைட். வேலையைப் பங்கு வைத்தோம். சுமையைப் பங்கு வைக்கவில்லை. கோர்களைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். பலர் "கணினி காணாது" என்று முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். இத்தனைக்கும் ஒவ்வொரு கோருக்கும் வேண்டியது அதன் பதினாறில் ஒரு பங்கு நிலம் மட்டுமே.

பரிகாரம் இரண்டு. ஒவ்வொரு கோரும் கோப்பிலிருந்து தன் துண்டை மட்டும் வாசிக்கச் செய்வது முதலாவது. எல்லாருக்கும் பொதுவாக வேண்டிய தரவு ஏதும் இருந்தால், ஒரே கணினியிலுள்ள கோர்கள் ஒரே ஒரு பிரதியைப் பார்த்துக்கொள்ளும்படி செய்வது இரண்டாவது. பொது நினைவகத்தைப் பாவிக்கும் ஓப்பன்எம்பி முறை 1997 முதல் இருக்கிறது. எம்பிஐ நியமத்துக்குள்ளேயே அந்த வசதி 2012இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கலண்டர் வாங்குவதில்லை. சுவரில் ஒன்று மாட்டினால் போதும்.

இரண்டாவது விடயம் துண்டுகளின் ஓரம். பக்கத்து வயல்காரரின் வயல் முழுவதையும் நாம் அறிய வேண்டியதில்லை. வரம்பை ஒட்டி அவர் பக்கம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது தெரிந்தால் போதும். அதேபோல ஒவ்வொரு கோரும் அயல் துண்டின் ஓரத்திலிருந்து இரண்டு வரிசைக் கட்டங்களை மட்டும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கணமும் அதைப் புதுப்பிக்கும். இந்த விளிம்புப் பட்டைக்கும் இடம் வேண்டும். துண்டு 1000க்கு 1000 கட்டமாக இருந்தால் மேலதிகம் 0.8 வீதம்தான்; பொருட்படுத்தத் தேவையில்லை. அதையே 50க்கு 50 ஆக நறுக்கினால் 16.6 வீதம். வயலைச் சிறுசிறு பாத்தியாகப் பிரித்தால் விளைநிலம் வரம்புக்கே போய்விடும் என்பது விவசாயிக்குத் தெரிந்த கணக்கு. ஆகவே கோர்களைக் கண்டபடி கூட்டுவதும் ஒரு வீண்செலவுதான். எட்டுக் கோர்கள் பொது நினைவகத்தில் சேர்ந்து ஒரு பெரிய துண்டைப் பார்ப்பது, எட்டும் தனித்தனியே சின்னத் துண்டுகளைப் பார்ப்பதை விட நல்லது.

மூன்றாவது பொறி கடைசியில் வரும். கணிப்பு நன்றாக ஓடி முடிந்து, முடிவை எழுதும்போது நிரல் விழுந்துவிடும். எல்லாக் கோர்களும் தங்கள் பங்கை முதலாவது கோருக்கு அனுப்ப, அது முழு வரைபடத்தையும் ஒன்றுசேர்த்து எழுதப் பார்க்கும். அதுவரை 16இல் ஒரு பங்கை வைத்திருந்த கோரின் தலையில் திடீரென்று முழுச் சுமையும் ஏறும். ஒவ்வொரு கோரும் ஒரே கோப்பில் தன் பகுதியைத் தானே எழுதும் வசதி எம்பிஐயின் இரண்டாம் பதிப்பிலேயே, 1997இல் வந்துவிட்டது. அதைப் பாவித்தால் இந்தக் கடைசி நேர விபத்து நடக்காது.

தண்ணீர் வராத இடத்துக்கு ஏன் இடம்?

வரைபடத்தில் வாவி நேராக வடக்குத் தெற்காகக் கிடப்பதில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. நேரான பெட்டி ஒன்றை அதன் மேல் வைத்தால் ஒரு மூலையில் ஆழ்கடல், எதிர் மூலையில் படுவான்கரைக்கும் அப்பாலுள்ள மேட்டுநிலம். இரண்டும் வாவி வெள்ளத்துக்குத் தேவையற்றவை. ஆனால் எளிமையான நிரல் அவற்றுக்கும் கட்டத்துக்கு 120 பைட் ஒதுக்கிவிட்டுச் சும்மா பூச்சியத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்கப் பெட்டியை 64க்கு 64 கட்டங்கள் கொண்ட ஓடுகளாகப் பிரிக்கலாம். ஓர் ஓட்டுக்குள் தண்ணீர் வரும் சாத்தியம் இருந்தால் மட்டும் அதற்கு நினைவகம் கொடுப்பது. இல்லாவிட்டால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று ஒரு சின்னக் குறிப்பு போதும். நீமோ என்ற ஐரோப்பியக் கடல் மாதிரியிலும் முற்றிலும் நிலமாக உள்ள துண்டுகளைக் கழித்துவிடும் வழக்கம் உண்டு. அதோடு, கோர்களுக்குப் பங்கு வைக்கும்போது பரப்பளவைப் பார்க்காமல் நனையும் ஓடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பங்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோர் மேட்டுநிலத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். காத்தான்குடியும் வாவியும் விழுந்த கோர் மூச்சுத் திணறும். ஆகப் பெரிய துண்டைத் தாங்கும் கணினியே மொத்த ஓட்டத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

சுனாமிக்கு வந்தால் இந்த எண்ணத்தை இன்னும் தூரம் கொண்டுபோக வேண்டும். வங்காள விரிகுடாவில் 2000க்கு 2000 கிலோமீற்றர் பரப்பை 2 மீற்றர்க் கட்டமாகப் பிரித்தால் ஒரு மில்லியன் மில்லியன் கட்டங்கள் வரும். எந்தச் சிக்கனமும் அதைத் தாங்காது, தாங்கவும் தேவையில்லை. 4000 மீற்றர் ஆழக் கடலில் சுனாமி செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர் வேகத்தில் ஓடும். அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அங்கே சில கிலோமீற்றர்க் கட்டமே போதும். கரையை நெருங்கும்போது அலை மெதுவாகிச் சுருங்கி உயரும். அங்கேதான் நுண்ணிய கட்டம் வேண்டும். மார்ஷா பெர்கர், ஜோசப் ஒலிகர் இருவரும் 1984இல் வகுத்த முறைப்படி, அலை இருக்கும் இடத்தில் மட்டும் கட்டங்கள் தாமாக நுண்மையாகி, அலை கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஜியோகிளா என்ற இலவச நிரல் இந்த அடிப்படையில் இயங்குகிறது. அவுஸ்திரேலியாவின் அனுகா என்ற இன்னொரு இலவச நிரல் சதுரத்துக்குப் பதிலாக முக்கோணங்களைப் பாவிக்கிறது. வீதியோரத்தில் சின்ன முக்கோணம், திறந்த வெளியில் பெரிய முக்கோணம். 2004 சுனாமியில் தாய்லாந்தின் பதோங் கடற்கரையில் நீர் ஏறிய எல்லையோடு அது ஒப்பிட்டுப் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது.

ஹைதராபாத்திலுள்ள இந்தியச் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அது வேறொரு வழியில் போகிறது. பல இடங்களில் நிலநடுக்கம் நடந்ததாகக் கொண்டு முன்கூட்டியே உருவகிப்புகளை நடத்தி, முடிவுகளைச் சேமித்து வைத்திருக்கிறது. நடுக்கம் நடந்தால் கணிக்கத் தொடங்குவதில்லை. பொருத்தமானதைத் தேடி எடுக்கிறது. இரண்டு மணித்தியாலமே அவகாசமுள்ள கரைகளுக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் மருதமுனையின் எந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்ற கேள்விக்கு ஊரளவு நுண்மையான கணிப்பு வேண்டும். அதை ஊருக்குத் தேவையென்று கருதுகிறவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.

எண்ணின் அகலம்

8 பைட் எண் ஒன்று ஏறத்தாழ 16 இலக்கங்களைத் துல்லியமாக வைத்திருக்கும். 4 பைட் எண் ஏறத்தாழ 7 இலக்கங்களை. வாவியின் நீர்மட்டத்தை மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கூட எவரும் அளப்பதில்லை. அப்படியிருக்க 16 இலக்கம் எதற்கு? ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் இந்தக் கேள்வியைப் பல வருடங்கள் பரீட்சித்துவிட்டு, 2021 மே மாதத்தில் தன் முன்னறிவிப்பை 4 பைட் எண்களுக்கு மாற்றியது. மிச்சம் பிடித்ததை அது வீணாக்கவில்லை. பல முன்னறிவிப்புகளைக் கூட்டாக ஓட்டும் அதன் முறையில் வளிமண்டலம் 91 அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதே மாற்றத்தில் அது 137 அடுக்குகளாக உயர்த்தப்பட்டது. தேவையில்லாத இலக்கங்களை விட்டு, தேவையான விபரத்தை வாங்கினார்கள்.

வாவிக்கும் அதே கணக்கு. நீரின் நிலைக்கு 4 பைட் போதும். நில உயரத்துக்கு அதுவும் வேண்டாம். சென்ரிமீற்றரில் முழு எண்ணாக எழுதினால் 2 பைட்டில் 327 மீற்றர் உயரம் முதல் 327 மீற்றர் ஆழம் வரை அடங்கும். ஆழ்கடல் மூலையைத்தான் ஏற்கனவே கழித்துவிட்டோமே. சொரசொரப்புக்கு எண்ணே வேண்டாம்: வயல் 1, கண்டல் 2, குடிமனை 3, தார் வீதி 4 என்று ஒரு பைட்டில் குறியீடு போட்டு, உண்மையான பெறுமதிகளை ஒரு சின்ன அட்டவணையில் வைத்தால் போதும். உச்ச நீர்மட்டமும் சென்ரிமீற்றரில் 2 பைட்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஆபத்து. இரண்டு உதாரணங்கள் காணும்.

நில அளவைத் திணைக்களத்தின் இன்றைய ஆள்கூற்று முறையில் எங்கட பிரதேசத்தின் இட எண்கள் ஐந்து, ஆறு இலட்சம் மீற்றர் அளவில் வரும். அந்த அளவுள்ள எண்ணை 4 பைட்டில் வைத்தால், அடுத்தடுத்து வைக்கக்கூடிய இரண்டு எண்களுக்கிடையில் 6.25 சென்ரிமீற்றர் இடைவெளி. முக்கோண வலைகளில் இது சிறு கோணல்களை உண்டாக்கும். வழி எளிது. கல்லடிப் பாலத்தைப் பூச்சியமாக வைத்து அங்கிருந்து தூரத்தை எண்ணினால், 60 கிலோமீற்றருக்குள் அதே 4 பைட்டில் இடைவெளி 4 மில்லிமீற்றருக்கும் குறைவு.

இரண்டாவது மழை. மூன்று மீற்றர் ஆழ நீரில் மணிக்கு 20 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, கணம் 0.1 செக்கன் என்று கொள்வோம். ஒரு கணத்தில் சேரும் மழை 0.00056 மில்லிமீற்றர். அந்த ஆழத்தில் 4 பைட் எண்ணின் இடைவெளி 0.00024 மில்லிமீற்றர். ஆகவே ஒவ்வொரு கணமும் சேர்வது இரண்டு இடைவெளி, அதாவது 0.00048 மட்டுமே. மீதி வட்டமாக்கலில் தொலைந்துவிடும். நாள் முழுக்க இப்படிக் கூட்டினால் பெய்த மழையில் ஏழில் ஒரு பங்கு கணக்கில் காணாமல் போயிருக்கும். நிரல் எந்தப் பிழையும் சொல்லாது. வரைபடம் அழகாகவே இருக்கும், வெள்ளம் மட்டும் உண்மையை விடக் குறைவாகத் தெரியும். மழையைத் தனியே ஒரு கணக்கில் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீரோடு கூட்டினால் இந்த இழப்பு இல்லாமல் போகும். பிரதேசத்தின் மொத்த நீர் அளவைக் கூட்டும் இடத்திலும் 8 பைட்டையே வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரே ஓர் எண். அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

வைத்திருப்பதா, திரும்பக் கணிப்பதா

மருதமுனையில் தறியில் குந்தியிருப்பவருக்கு அந்த நேரம் கண்முன் வேண்டியது ஊடை ஓடுகிற வரி மட்டும்தான். நெய்து முடிந்த துணி உருளையில் சுற்றிக்கொண்டு போகும். வெள்ள நிரலில் பாய்ச்சல் எண்கள் ஆறும் அப்படியானவை. ஒரு வரிசைக் கட்டங்களைப் புதுப்பித்த பின் அந்த வரிசையின் பாய்ச்சல் எவருக்கும் தேவையில்லை. 450 மில்லியன் கட்டங்களுக்கும் அவற்றைச் சேர்த்து வைக்காமல், வரிசைக்கு வரிசை அதே சின்ன இடத்தில் கணித்து, பாவித்து, அழித்துவிடலாம். கட்டத்துக்கு 48 பைட் அப்படியே மிச்சம்.

சில வேலைகளுக்குக் கடந்த கணங்களும் வேண்டும். வீட்டுச் சுவரில் விழுந்த நீர்க்கறையிலிருந்து பின்னோக்கிப் போய், எந்த மதகு அடைபட்டதால் அந்த மட்டம் வந்தது என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு உருவகிப்பைக் கடைசியிலிருந்து முன்னுக்குப் புரட்ட வேண்டும். எல்லாக் கணத்தையும் சேமித்தால் எந்த நினைவகமும் காணாது. அன்ட்ரியாஸ் கிரீவாங்க் 1992இல் காட்டிய வழி, சில கணங்களை மட்டும் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, இடைப்பட்டவற்றை வேண்டியபோது திரும்பக் கணிப்பது. எந்தக் கணத்தையும் ஐந்து தடவைக்கு மேல் கணிக்காமல், பத்து அடையாளங்களை மட்டும் வைத்து 3003 கணங்களைப் பின்னோக்கிப் புரட்டலாம். நேரத்தைக் கொஞ்சம் கொடுத்து இடத்தை நிறைய வாங்கும் வியாபாரம் இது.

கூட்டிப் பார்த்தால்

இப்போது கட்டம் ஒன்றின் புதிய கணக்கு: நில உயரம் 2 பைட், சொரசொரப்பு 1, நீரின் நிலை பழையதும் புதியதுமாக 24, உச்ச மட்டம் 2. மொத்தம் 29 பைட். 2 மீற்றர்க் கட்டத்தில் 54 ஜிகாபைட்டாக இருந்தது 13 ஜிகாபைட்டாகிறது. நனையாத ஓடுகள் பாதி கழிந்தால் 6.5 ஜிகாபைட். விளிம்புப் பட்டைகளையும் சேர்த்தாலும், 16 ஜிகாபைட் ரேமுள்ள ஒரு சாதாரண மேசைக் கணினியில் வசதியாக அடங்கும். அல்லது ஆய்வுகூடத்திலுள்ள 8 ஜிகாபைட் கணினிகள் நான்கை வலையால் இணைத்துப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1.6 ஜிகாபைட்தான். நேரம் போகும், உண்மை. ஆனால் அது காத்திருந்தால் முடியும் வேலை.

செய்யும் ஒழுங்கும் முக்கியம். முதலில் நிரலின் உச்ச நினைவகப் பயன்பாட்டை அளக்க வேண்டும். பெரும்பங்கை விழுங்குவது எதுவென்று தெரியாமல் வெட்டத் தொடங்கக் கூடாது. அடுத்ததாகப் பிரதிகளை ஒழிக்க வேண்டும். அதில் துல்லியம் ஒரு துளியும் குறையாது. பிறகு நனையாத இடம், அதன் பின் பாய்ச்சல் எண்கள். எண்ணின் அகலத்தைக் கடைசியாகத் தொடுவது நல்லது. தொட்டால், 10 மீற்றர்க் கட்டத்தில் 8 பைட்டாகவும் 4 பைட்டாகவும் இரண்டு தடவை ஓட்டி ஒப்பிட வேண்டும். உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், மீதி நிற்கும் நீர் மூன்றும் கணக்குச் சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்க்க வேண்டும்.

நினைவகச் சிக்கனம் தராதவை

கட்டத்தை நுணுக்கினால் மட்டும் உண்மை நுணுக்கமாகிவிடாது. உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் விண்வெளி ஓட உயரத் தரவு 2000 பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 30 மீற்றர்க் கட்டம் கொண்டது. அதன் பிழை சில மீற்றர்களாக இருக்கும். பல இடங்களில் அது காட்டுவது நிலத்தை அல்ல, தென்னந்தலையையும் கூரையையும். எழுவான்கரையின் தாழ்ந்த நிலத்தில் ஒரு மீற்றர் வித்தியாசமே வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். அந்தத் தரவை 2 மீற்றர்க் கட்டத்தில் போட்டால் பிழையைத்தான் நுணுக்கமாக வரைவோம்.

ஆகவே கணினியில் மிச்சம் பிடித்த இடத்தை நிரப்ப வேண்டியது ஊரின் அறிவு. எந்த மதகு எவ்வளவு அகலம், எந்த வடிகால் எப்போது மண்மூடியது, முகத்துவாரம் எந்த வருடம் எந்த நாளில் வெட்டப்பட்டது, 2011 ஜனவரி வெள்ளத்தில் பள்ளிவாசல் சுவரில் நீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பவை எந்தச் செய்மதியிலும் இல்லை. வட்டவிதானைமாரிடமும், மீன்பிடிச் சங்கங்களிடமும், அந்தந்த மஹல்லாக்களின் மூத்தவர்களிடமும் இருக்கின்றன. மூத்தவர்கள் போகப் போக அவையும் போய்விடும். ஊருக்கு ஊர் ஒரு கொப்பியில் திகதியோடும் அளவோடும் எழுதி வைத்தால், அதுவே உருவகிப்பைச் சரிபார்க்கும் உரைகல்லாகும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. கணினி படிக்கும் பிள்ளைகளும் புவியியல் படிக்கும் பிள்ளைகளும் ஒரே வெள்ளத்துக்குள்தான் வளர்ந்தவர்கள். ஓர் இறுதியாண்டு ஆய்வாக, ஒரு தாம்போதி, ஒரு வடிகால், ஐந்து கிலோமீற்றர் பரப்பு என்று தொடங்கலாம். 5க்கு 5 கிலோமீற்றரை 2 மீற்றர்க் கட்டமாக்கினால் 6.25 மில்லியன் கட்டங்கள். கட்டத்துக்கு 29 பைட் என்றால் 181 மெகாபைட். பாவித்துப் பழசான மடிக்கணினிக்கே அது காணும். எத்தனை அடி நீர் ஏறினால் அந்த வீதியை மறிக்க வேண்டும் என்ற ஓர் எண்ணை, அடுத்த மாரிக்கு முன் பிரதேச செயலகத்தின் மேசையில் வைப்பதற்கு அவ்வளவே போதும்.